அந்த மடிக்கணினி இன்னும் சாகவில்லை

பிரம்மதேசம், மரக்காணம் வட்டார அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. பிரம்மதேசம் தொடங்கி மரக்காணம் உப்பளம் வரை உள்ள ஊர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அளத்தில் உப்பு வாருகிற குடும்பத்துக்கு அதுதான் வீட்டுக்குள் வந்த முதல் கணினியாக இருந்திருக்கும். அக்கா படித்து முடித்துத் தம்பி கைக்கு வந்து, பிறகு ‘ஸ்லோ ஆயிடுச்சு’, ‘விண்டோஸ் போயிடுச்சு’ என்று ஓரம் கட்டப்பட்டவை அவற்றில் எத்தனையோ. பள்ளி ஆய்வகத்தில் துணி போர்த்தி வைத்த பழைய கணினிகள், ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் பெயரில் யாரோ அனுப்பிவைக்கும் அலுவலகக் கழிவுக் கணினிகள் ஆகியவற்றையும் இதே வரிசையில் வையுங்கள். இவற்றை என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் குழுவின் முன் வரும், அல்லது ஏற்கெனவே வந்திருக்கும். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் இந்த மடலை ஒருமுறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி இப்போது எழக் காரணம் ஒரு தேதி. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதனால் அன்றிரவே கணினி அணைந்துவிடவில்லை. மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ போதுமானது. புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அது அடைபடாமலே கிடக்கும், இணையத்தில் இருக்கும் திருடனுக்கு அது தெரிந்தும் இருக்கும். சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். முதல் ஆறேழு ஆண்டுகளில் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் இந்த வாசலில் நுழைய முடியாது. விசைப்பலகை அடிக்கிறது, திரை ஒளிர்கிறது, வைஃபை பிடிக்கிறது. இருந்தும் ஆயுள் முடிந்தது என்று தீர்ப்பு எங்கிருந்தோ வந்துவிட்டது.

மைக்ரோசாஃப்ட் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10 வந்தது 2015இல். பத்தாண்டு ஆதரவு என்பது குறைவில்லை. தவிர, கல்வி நிறுவனங்களுக்கு நீட்டிப்புத் திருத்தங்களை முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 1 டாலர், அடுத்த ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்று மலிவாகவே தருகிறது. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 7 டாலர், அறுநூறு ரூபாய்ச் சொச்சம். ஆகவே விலையைக் காட்டி நான் வாதாடப் போவதில்லை. அறுநூறு ரூபாய் கொடுத்தாலும் 2028 அக்டோபரில் அதே கேள்வி திரும்ப வரும், அப்போதும் பதில் சொல்லப்போவது உங்கள் குழு இல்லை. ஒரு கணினி எப்போது பயனற்றுப் போகிறது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அதன் மென்பொருள் உரிமம் தீர்மானிக்கிறது. பள்ளிக்கு வரும் கணினியில் நினைவகம் எத்தனை ஜிபி என்று பார்ப்பதற்கு முன் உரிமத்தைப் பாருங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமத்தை முழுதாகப் படிக்கிறவர்கள் அபூர்வம். நிறுவும்போது ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறோம். அதன் சாரம் இதுதான்: மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி தரப்பட்டிருக்கிறது. அந்த அனுமதி அந்த ஒரு கணினியோடு கட்டப்பட்டது, வேறு கணினிக்கு எடுத்துப் போட முடியாது, உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கூடாது, திருத்தக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு எந்த அளவுக்குப் போக முடியும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். மலிவு விலைக் கணினிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியே கிடையாது. தொழில்நுட்பம் இடம் தராததால் இல்லை. ஏழைக்கான பதிப்புக்கு அது வேண்டாம் என்று முடிவெடுக்கப்பட்டதால். தன் கணினியில் தன் ஊர் ஏரியின் படத்தை வைக்க ஒரு மாணவி அதைவிட உயர்ந்த பதிப்புக்குக் காசு கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது கட்டற்ற மென்பொருள் உரிமம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து பிறந்த ஜிபிஎல் என்ற பொது உரிமம்தான் இதில் முக்கியமானது. இன்றும் பரவலாக வழங்கும் அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வந்தது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படித்துத் திருத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, உங்களிடமிருந்து வாங்குகிறவருக்கும் இதே உரிமைகள் போய்ச் சேர வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டபோது இந்த உரிமத்தில் வெளியிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அவர் முதலில் போட்ட நிபந்தனை, இதை யாரும் காசுக்கு விற்கக் கூடாது என்பது. கேட்க நல்லதாகத் தோன்றும் அந்த நிபந்தனை இருந்தவரை, ஒரு வட்டில் பதிந்து அடக்க விலைக்குக் கொடுப்பவர்கூடத் தயங்க வேண்டியிருந்தது. 1992இல் ஜிபிஎல்லுக்கு மாற்றினார். அதன் பிறகே அது உலகம் முழுக்கப் பரவியது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான். அதனால் இது ‘ஓசியில் கிடைப்பது’ என்ற கணக்கில் சேராது. உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இதை நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்கலாம், திருத்தி விற்கலாம், உரிமம் தடுக்காது.

உப்பு விளையும் கரையில் இதைச் சொல்வது எளிது. 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டத்தின்கீழ் கடல் இருந்தது, வெயில் இருந்தது, காய்கிற மண் இருந்தது. கரையில் தானாகப் படிந்த உப்பை அள்ளுவதற்கு மட்டும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. கணினி உங்களுடையது, மின்சாரம் உங்களுடையது, பயன்படுத்தத் தெரிந்த பிள்ளையும் உங்களுடையது, அனுமதி மட்டும் வேறொருவருடையது என்ற ஏற்பாடும் அந்த வகைதான். இதற்காக யாரையும் சிறையில் தள்ளவில்லையே என்பீர்கள். அதையும் பார்த்துவிடலாம்.

நடைமுறையில் நம் ஊர்களில் விண்டோஸ் வாங்கிப் போடுபவர் எத்தனை பேர்? ‘ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுக் கொடுங்க’ என்று கடையில் கொடுத்தால், சில நூறு ரூபாய்க்குக் கிராக் செய்த விண்டோஸும் ஆபீஸும் சேர்ந்து வந்துவிடும். எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், இதில் என்ன பெரிய சிக்கல் என்ற எண்ணம்தான் கட்டற்ற மென்பொருளுக்கு இங்கே உண்மையான போட்டி, மைக்ரோசாஃப்ட் இல்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் வரை அபராதம் என்கிறது. வணிக நோக்கம் இல்லையென்றால் சிறையை நீதிமன்றம் தவிர்க்கலாம், அபராதத்தை ஐம்பதாயிரத்துக்குள் வைக்கலாம். பிரம்மதேசம் பள்ளிக்குள் போலீஸ் வரும் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை, வராது. ஆனால் அரசுப் பள்ளியின் குழு ஒன்று தன் கூட்டக் குறிப்பேட்டில் எழுத முடியாத ஒரு காரியத்தைச் செய்வது நல்லதில்லை. தவிர, கிராக் செய்த விண்டோஸை இயக்கவைக்கும் ஆக்டிவேட்டர் நிரலை யார் எழுதினார், அது வேறென்ன செய்கிறது என்பது கடைக்காரருக்கும் தெரியாது. அது இயங்க வேண்டுமென்றால் முதலில் வைரஸ் தடுப்பை அணைத்து வைக்கச் சொல்கிறது என்பதே போதுமான எச்சரிக்கை. 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகளையே நச்சுநிரல் பூட்டிப் பிணைத்தொகை கேட்டது. அங்கே அந்த நிலை என்றால், மாணவர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தட்டச்சாகும் பள்ளிக் கணினியை நினைத்துப் பாருங்கள்.

உரிமம் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்றேன். அதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்குப் போனாலும் போதும். தமிழ் டிடிபி தொழில் ஒரு தலைமுறைக் காலம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓடியது. அடோபி அதன் 7.0 பதிப்பை 2001இல் வெளியிட்டது. அதோடு கதை முடிந்தது, நிறுவனம் இன்டிசைன் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது. மூலநிரல் பூட்டியே இருந்ததால் அதை எடுத்துத் தொடர யாராலும் முடியவில்லை. பேஜ்மேக்கரில் தட்டி வைத்த கோப்புகளுக்காகவே பழைய விண்டோஸ் கணினியை உயிரோடு வைத்திருக்கும் அச்சகங்கள் இன்னும் உண்டு. அந்தக் கணினி ஒருநாள் போனால், இருபது வருடத்துக் கோப்புகளும் அதோடு போகும். எழுத்துரு விஷயம் இதைவிட மோசம். அரசு அலுவலகங்கள் நெடுங்காலம் வானவில் அவ்வையார் எழுத்துருவில் தட்டச்சு செய்தன. அப்படி உருவான பழைய அரசாணை ஒன்றின் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள்: ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாக விழும். திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே தமிழாக இல்லை. ஒரு தனிக் குறியாக்கம், அதன் திறவுகோல் அந்த எழுத்துருவிடம். 2010இல் யூனிகோடைத் தரமாக அரசு ஏற்ற பிறகும் இந்தப் பழக்கம் ஒழிய ஆண்டுகள் ஆயின. தேட முடியாத, எளிதில் மாற்ற முடியாத ஆவணங்கள் எத்தனை குவிந்தன என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது மறுபக்கம். ஓபன்ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கையில் இருந்தது. 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. புது முதலாளிக்கு இதில் அக்கறை இருக்குமா என்று சந்தேகம் வந்தவுடன், அதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதியினர் மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி, அதே ஆண்டு லிப்ரேஆபீஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. உரிமத்தில் அது முன்பே எழுதப்பட்டிருந்தது. பேஜ்மேக்கர் கோப்பு அநாதையானது போல ஓபன்ஆபீஸ் கோப்பு எதுவும் ஆகவில்லை. தமிழ்99 விசைப்பலகையின் கதையும் இந்த இடத்தில் பொருந்தும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்த தரம் அது. விண்டோஸுக்குள் அது சேர்ந்து வந்தது 2019ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில். இடைப்பட்ட இருபது ஆண்டுகள் தமிழர்கள் எப்படித் தட்டச்சு செய்தார்கள்? எ-கலப்பை போன்ற, தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்த நிரல்களைக் கொண்டு. லினக்ஸில் தமிழ்99 வேண்டும் என்று தோன்றிய அன்றே ஒருவர் உட்கார்ந்து அதற்கான கோப்பை எழுதிச் சேர்க்க முடிந்தது. நம் மொழியின் தேவை ஒரு பெரிய நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்பதற்கு இந்த இருபது ஆண்டு இடைவெளியே கணக்கு.

‘கட்டற்ற மென்பொருள் மட்டும் பழைய கணினியைக் கைவிடுவதில்லையா?’ என்று விவரம் தெரிந்த ஆசிரியர் கேட்கலாம். கைவிடுகிறது. டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே இன்டெல் 386 கணினியில்; அந்த 386-க்கான ஆதரவை 2012இல் லினக்ஸே நீக்கிவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 2025இல் வந்த 13ஆம் பதிப்பு, பழைய 32-பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வழியை விட்டுவிட்டது. யாராலும் எதையும் நிரந்தரமாகத் தாங்கிப் பிடிக்க முடியாது. வேறுபாடு எங்கே என்றால், இங்கே கைவிடும்போது பொருளைப் பூட்டிவிட்டுப் போவதில்லை. தேவைப்படுகிறவர் எடுத்துத் தொடரலாம். பழைய கணினிகளுக்கென்றே இயங்கும் சிறு வழங்கல்கள் அப்படித்தான் உயிர்வாழ்கின்றன. நடைமுறையில் பார்த்தாலும், விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைச் செயலியில் கோடு போடுகிறது. இலகுவான எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழல் போட்ட டெபியன் அதற்குப் பல ஆண்டு மூத்த 64-பிட் கணினியிலும் நடக்கிறது. 2 ஜிபி நினைவகத்தில் உலாவியில் பத்துப் பக்கம் திறந்தால் எந்த இயங்குதளமும் முக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்னொரு 2 ஜிபி நினைவகமும் ஒரு சிறிய எஸ்எஸ்டியும் போட்டால் அதே கணினி வேறு கணினியாகிவிடும்.

இன்னொரு மறுப்பு அண்மையில் வலுத்திருக்கிறது: அந்நிய நிறுவனம்தானே பிரச்சினை, உள்நாட்டு மென்பொருளுக்கு மாறினால் போதாதா? இதற்கு உரம் போட்டது ஓர் உண்மைச் சம்பவம். 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளைக் காரணம் காட்டி, குஜராத்தில் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. காசு கட்டியிருந்தார்கள், இந்தியச் சட்டப்படி இயங்கினார்கள், இருந்தும் நின்றது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சில நாட்களில் திரும்ப வந்தது. அதன் பின் மத்திய அரசு அலுவலகங்கள் சோஹோவுக்கு மாறுவது செய்தியானது. நம் மாநிலத்திலிருந்து வளர்ந்த நிறுவனம், தென்காசி மாத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து வேலை கொடுக்கிறது. அதன் வளர்ச்சியில் மகிழ்ச்சி கொள்வதில் தவறே இல்லை. ஆனால் அதன் மென்பொருளின் மூலநிரலும் பூட்டித்தான் இருக்கிறது. சாவி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் இருந்து சென்னைப் பக்கம் வந்திருக்கிறது, பிரம்மதேசத்துக்கு வரவில்லை. நாடு என்ற அளவில் அது பெரிய வித்தியாசம்தான். பள்ளி என்ற அளவில், நாளை அந்நிறுவனம் விலையை ஏற்றினாலோ ஒரு பொருளை நிறுத்தினாலோ உங்கள் நிலைமை முன்பு இருந்ததுதான். 2015இல் மத்திய அரசு அறிவித்த திறந்த மூல மென்பொருள் கொள்கை உரிமத்தைத்தான் பார்த்தது, நிறுவனம் எந்த ஊர் என்று பார்க்கவில்லை. அந்தக் கொள்கை இன்னும் நடப்பில் இருப்பதாகவே நினைக்கிறேன். அலுவலகங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது என்பது வேறு விஷயம்.

‘இதெல்லாம் தமிழ்நாட்டில் செய்து பார்த்துத் தோற்றதுதானே?’ என்பது எனக்குத் தெரிந்த மறுப்புகளிலேயே கனமானது. உண்மை. சி. உமாசங்கர் ஐஏஎஸ், தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-2008 வாக்கில், எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது, பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகளை அனுப்பியது. சென்னையில் உள்ள, மத்திய அரசின் சி-டாக் மையம் டெபியனை அடியாகக் கொண்டு பாஸ் லினக்ஸை 2007 முதல் வெளியிட்டு வருகிறது. விலையில்லா மடிக்கணினிகளிலும் பல தவணைகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. என்ன ஆயிற்று? கணினியை இயக்கியவுடன் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் பிள்ளைகள் விண்டோஸைத் தேர்ந்தார்கள். இடம் போதவில்லை என்றதும் கடைக்காரர் பாஸ் இருந்த பகுதியை அழித்து விண்டோஸுக்குச் சேர்த்துக் கொடுத்தார். குற்றம் பாஸ் லினக்ஸில் இல்லை என்று நான் முழுக்கச் சொல்ல மாட்டேன். அதன் தொடக்கப் பதிப்புகளில் குறைகள் இருந்தன. ஆனால் பெரிய காரணம், அதை யாரும் கற்றுத்தரவில்லை. இயங்குதளத்தைக் கொடுத்தார்கள், ஆசிரியரைத் தயார் செய்யவில்லை. பக்கத்து மாநிலம் இதைத் தலைகீழாகச் செய்தது. கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கி, ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையே அதில் நடத்தும் நிலைக்கு வந்தது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. இதனால் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அவர்கள் சொன்னார்கள். அந்தத் தொகையை நான் சான்றாகக் கொள்வதில்லை. எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்ற கற்பனைக் கணக்கு அது, யாரும் அப்படி வாங்கியிருக்கப் போவதில்லை. சான்று என்னவென்றால், ஆட்சிகள் மாறியும் அந்த ஏற்பாடு நிலைத்தது. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி பதினைந்தாயிரம் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேலிருந்து ஒரு மேயரின் விருப்பத்தில் தொடங்கியது இன்னொரு மேயரின் விருப்பத்தில் முடிந்தது. தமிழ்நாட்டில் ஓர் ஐஏஎஸ் அதிகாரியின் ஊக்கத்தில் தொடங்கியதற்கும் அதுவே நேர்ந்தது. அதனால்தான் இந்த மடலைச் செயலருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெற்றோர் கேட்கப்போவது வேறு: ‘வேலைக்குப் போகிற இடத்தில் விண்டோஸும் டேலியும்தானே இருக்கும், பிள்ளை இதைப் படித்து என்ன செய்யும்?’ கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பது சரி. டேலி கற்கிற பிள்ளைக்கு ஆய்வகத்தில் உரிமத்தோடு கூடிய விண்டோஸ் கணினி ஒன்றிரண்டு இருக்கட்டும். ஆனால் நம் மாநிலப் பாடநூலைத் திறந்து பாருங்கள். 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினி நூல்கள் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் சொல்லித் தருகின்றன; கணினிப் பயன்பாடுகள் நூல் ஓபன்ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான், பிஎச்பி, மைஎஸ்கியூஎல். விண்டோஸைத் தவிர இவை எல்லாமே கட்டற்ற மென்பொருள். பாடநூலில் இருப்பதைப் பரணில் கிடக்கும் கணினியில் போட்டால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கிராக் செய்த ஆபீஸில் செய்து பார்த்தால் பாடநூலில் உள்ள மெனு வேறாக இருக்கும். இன்று பொறியியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளை முதல் ஆண்டிலேயே லினக்ஸ் கட்டளை வரியைச் சந்திக்கிறது. உலகத்தின் சேவையகங்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன.

உண்மையான தொல்லைகள் இவற்றைவிடச் சின்னவை, ஆனால் ஆளைக் களைப்படைய வைப்பவை. கேனன் எல்பிபி 2900 அச்சுப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அது இல்லாத ஜெராக்ஸ் கடையோ பள்ளி அலுவலகமோ அரிது. அதை விண்டோஸில் செருகினால் அடிக்கும். லினக்ஸில் அதற்கான இயக்கி நிரலை நிறுவுவது, அனுபவசாலிக்கே ஒரு மாலைப் பொழுதைத் தின்னும் வேலை. அடுத்த புதுப்பிப்பில் மறுபடி நின்றாலும் நிற்கும். காரணம், அந்த அச்சுப்பொறி பேசும் மொழி கேனனின் தனிச்சொத்து. கேனன் எழுதிக் கொடுத்தால் உண்டு. டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களிலும் இதே சிக்கல் வரும். இதற்காகத் தலைமையாசிரியர் அலுவலகக் கணினியை மாற்றச் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளப் பட்டியல் நின்றால் எந்தக் கொள்கையும் காப்பாற்றாது. ஆய்வகமும் மாணவர் வீடும்தான் தொடங்க வேண்டிய இடம். ஆனால் அடுத்த அச்சுப்பொறி வாங்கும்போது, லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குவதற்குச் செலவு கிடையாது.

‘கெட்டுப்போனால் யார் பார்ப்பது?’ என்ற கேள்விக்கு உங்கள் மாவட்டத்தில் விடை இருக்கிறது. பல மாவட்டங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. தெற்கே புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள். 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ தமிழிலேயே லினக்ஸ், பைத்தான், மைஎஸ்கியூஎல் நூல்களை யாரும் நகலெடுக்கலாம் என்ற உரிமத்தோடு தருகிறது. பாடத்துக்கு நேரடியாக உதவும். மேலும், மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. மகாபலிபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளை ‘பள்ளிக்குப் பணம் கொடு’ என்று கேட்பதைவிட, ‘ஒரு ஞாயிறு வந்து பத்துக் கணினியில் டெபியன் போட்டுக் கொடு, போடுவது எப்படி என்று நாலு பிள்ளைக்குக் காட்டிவிட்டுப் போ’ என்று கேட்பது அவர்களுக்கும் எளிது. ஒரு பென் டிரைவில் ஒருமுறை இறக்கி வைத்தால் அதே பிரதியை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். அந்த நாலு பிள்ளைகள் அடுத்த ஆண்டு நாற்பது கணினிக்குப் போடுவதை எந்த உரிமமும் தடுக்காது. விண்டோஸில் அதே காரியம் திருட்டு.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளைக் கணக்கெடுங்கள். 64-பிட் எது, திரை உடைந்தது எது, பேட்டரி உப்பிப் போனது எது என்று பிரிக்கப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே போதும். உப்பிய பேட்டரியை மட்டும் அவர்கள் தொட வேண்டாம், கடைக்காரர் கழற்றட்டும். கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பிடித்திருக்கும்; பாதிக் கணினிகளின் நோய் அதுவாக இருக்கலாம், துடைத்தால் எழுந்துவிடும். நிறுவுவதற்கு முன் வீட்டுக்காரர்களின் படங்களையும் கோப்புகளையும் வெளியே எடுத்து வைக்க மறக்க வேண்டாம். இதில் அவசரப்பட்டால் ஒரு கல்யாணப் படத்தொகுப்பு அழிந்து, ஊரே லினக்ஸைத் திட்டும்.

கணினி கொடையாக வரும்போது, கொடுப்பவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: இதில் உள்ள மென்பொருள் எந்த உரிமத்தில் வருகிறது, பள்ளி அதை நகலெடுத்து மாணவருக்குக் கொடுக்கலாமா, ஆதரவு எந்த ஆண்டு வரை. நல்ல மனதோடு கொடுப்பவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எழுதித் தர முடியாது என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்லும் காரணத்தை அப்படியே கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து வையுங்கள். அடுத்த குழுவுக்கு அது உதவும்.